வேலைக்குக் கழுதை, தீனிக்கு எருது

தேள் கொட்டியது. கண் வலி. தாயின் உடலுக்குத் துணி சுற்றினான். பீர் காய்ச்சினான். வீடு கட்டினான். கோன்சுவுடன் குடித்துக்கொண்டிருந்தான்.

வேலைக்கு வராதவர்களின் பெயருக்கு எதிரே எழுதிய காரணங்கள் இவை. எழுதிய காலம் கி.மு. 1240 வாக்கு, எகிப்தில் இரண்டாம் ராம்சேஸ் அரியணை ஏறிய 40ஆம் ஆண்டு. எழுதியது ஒரு சுண்ணாம்புக்கல் பலகையில். உயரம் 40 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வலது ஓரத்தில் வரிசையாக நாற்பது பேர், ஒவ்வொரு பெயருக்கும் இடப்பக்கம் வராத நாட்கள் கறுப்பு மையில், நாளின் தலைக்கு மேல் காரணம் சிவப்பு மையில் பொடி எழுத்தாக.

நான் பஞ்சாலை ஒன்றின் டைம் ஆபீசில் இருபத்திரண்டு ஆண்டு வருகைப் பதிவேடு எழுதியவன். அந்தக் கல்லின் படத்தை இணையத்தில் முதன்முதலாகப் பெரிதாக்கிப் பார்த்த இரவில் என்னை அசர வைத்தது அதன் வயது அல்ல, சிவப்பு மை. நாங்களும் விடுப்புக்குச் சிவப்பு மைதான் வைத்திருந்தோம். எழுதியவன் என் ஆள் என்று தோன்றிவிட்டது. அதன் பிறகு பிரமிடு, மம்மி, பொன் முகமூடி எதிலும் மனம் நிற்கவில்லை. அந்த நாற்பது பேர் யார், ஏன் வரவில்லை, வராத நாளுக்குக் கூலி பிடித்தார்களா என்று தேடத் தொடங்கி இப்போது ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கூலி பிடித்ததற்கு அந்தக் கல்லில் தடயம் இல்லை. என்னுடைய ஆலையில் பிடித்திருப்போம்.

அவர்கள் தெய்ர் எல்-மதீனா ஊர்க்காரர்கள். தெய்ர் எல்-மதீனா என்பது பின்னால் வந்த அரபுப் பெயர். நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்ஸர் நகருக்கு எதிரே, மலைகளுக்கு இடையில் ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது. அரசர்களின் கல்லறைகளை மலைக்குள் குடைந்து, சுவருக்குச் சாந்து பூசி, ஓவியம் தீட்டியவர்களை அரசாங்கமே குடும்பத்தோடு குடியமர்த்திய ஊர். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இருந்தது. சுற்றுச்சுவருக்குள் 68 வீடுகள், நடுவில் ஒரே தெரு.

வீடுகள் ரயில் பெட்டி போல நீளமாக இருக்கும். தெருவாசலைத் தாண்டினால் முதல் அறையில் மண் செங்கல்லால் கட்டிய மேடை ஒன்று. அது பிரசவத்துக்கா பூஜைக்கா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த அறை கொஞ்சம் உயரமானது. நடுவில் ஒரு மரத்தூண், சுவரோரம் திண்ணை, தரைக்கடியில் நிலவறை. பின்னால் சிறிய அறை ஒன்று. கடைசியில் திறந்த முற்றமாகச் சமையற்கட்டு: மண் அடுப்பு, மாவரைக்கும் கல், மாடிக்குப் படி. மொத்தமே எழுநூறு எழுநூற்றைம்பது சதுர அடிதான். அதற்குள் கணவன், மனைவி, நான்கைந்து குழந்தைகள், சில வீடுகளில் கிழவி ஒருத்தி. கோடையில் மாடியில்தான் படுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், வேறு வழியில்லை.

ஊரில் தண்ணீர் கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

எட்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அவர்களுக்கு வாரம் என்பது பத்து நாள். வேலை நாட்களில் மலையைத் தாண்டி அரசர்களின் பள்ளத்தாக்குக்குப் போனவர்கள் இரவில் வீடு திரும்புவதில்லை. வழியில் கணவாய் மேட்டில் கற்குடிசைகள் போட்டு அங்கேயே தங்கினார்கள். ஆட்களைக் கப்பல் மாலுமிகளைப் போல வலப்பக்கம், இடப்பக்கம் என்று இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்கு ஒரு மேஸ்திரி. இருவருக்கும் பொதுவாக ஓர் எழுத்தர். விளக்குத் திரியைக்கூட எண்ணிக் கொடுத்து எண்ணி எழுதினார்கள். செப்பு உளிகளை எடைபோட்டுக் கொடுத்து எடைபோட்டுத் திரும்ப வாங்கினார்கள்.

கூலி தானியமாக வந்தது, மாதம் ஒரு முறை. சாதாரணத் தொழிலாளிக்கு நான்கு கார் கோதுமை, ஒன்றரைக் கார் பார்லி. மேஸ்திரிக்கு மொத்தம் ஏழரைக் கார். ஒரு கார் என்பது சுமார் 77 லிட்டர் கொள்ளளவு. ஆக, தொழிலாளியின் மாதச் சம்பளம் நானூறு லிட்டருக்கும் மேற்பட்ட தானியம். கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. அதோடு மீன், காய்கறி, விறகு, மண்பாண்டம், தண்ணீர் எல்லாம் ஊர் வாசலுக்கு வந்துவிடும். துணி வெளுக்கக்கூட அரசாங்கச் செலவில் சலவைக்காரர்கள் உண்டு. நாணயம் இன்னும் வராத காலம். எல்லாவற்றையும் 'டெபென்' என்ற செப்பு எடையில் மதிப்பிட்டார்கள். ஒரு டெபென் 91 கிராம். தொழிலாளியின் மாதக் கூலி ஏறத்தாழ 11 டெபென். ஒரு ஜோடி செருப்பு இரண்டு டெபென். சுமாரான சவப்பெட்டி இருபதுக்கு மேல். கழுதை இருபத்தைந்திலிருந்து நாற்பது வரை. கழுதை ஒன்று வாங்க மூன்று மாதச் சம்பளம் வேண்டும்.

செருப்பையும் சவப்பெட்டியையும் நான் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இவர்கள் ஓய்வு நேரத்தில் பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சவப்பெட்டி செய்து விற்றுத்தான் உண்மையில் பணம் பார்த்தார்கள். ஒருவன் தச்சு செய்வான், இன்னொருவன் வர்ணம் தீட்டுவான், தனித்தனியாகக் கணக்கு. அரசாங்க உத்தியோகம் சோற்றுக்கு, கைத்தொழில் சேமிப்புக்கு.

இவ்வளவு துல்லியமாக நமக்கு எப்படித் தெரிகிறது? குப்பையால். பாப்பிரஸ் தாள் விலை அதிகம் என்பதால் அன்றாடக் கணக்கையெல்லாம் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் உடைந்த பானை ஓடுகளிலும் எழுதினார்கள். எழுதி முடித்ததும் எறிந்தார்கள். ஊருக்கு வடக்கே ஐம்பது மீட்டருக்கும் ஆழமான பெருங்குழி ஒன்று இருக்கிறது. கிணறு தோண்டப் பார்த்துத் தண்ணீர் காணாமல் விட்ட குழி என்பது பரவலான கருத்து. பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் புரூயேர் 1922 முதல் முப்பது ஆண்டுகள் அங்கே தோண்டினார். அந்தக் குழியிலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கில் சில்லுகள் வந்தன. கடன் சீட்டு, சலவைக் கணக்கு, மனைவிக்கு எழுதிய துண்டுக் குறிப்பு, பள்ளிப் பையன் தப்புத் தப்பாகப் பார்த்தெழுதிய பாடம். விருந்துக்கு யார் யார் எத்தனை ரொட்டி, எத்தனை குடம் பீர் கொண்டுவந்தார்கள் என்ற பட்டியல்கூட உண்டு. திருப்பிச் செய்ய வேண்டுமே என்று எழுதி வைத்தது. அதைப் பார்த்ததும் மொய் நோட்டு என்று என் மனைவி சொன்னாள். வேறு சொல் எதற்கு?

(பானை ஓட்டில் எழுதுவது நமக்கும் புதிதல்ல. எகிப்தின் செங்கடல் கரையில் குசைர் அல்-கதீம் துறைமுகத்தில் 'பானை ஒறி' என்று தமிழ்ப் பிராமியில் கீறிய ஓடு கிடைத்திருக்கிறது. ஆனால் அது நம் வணிகர்கள் போய் வந்த ரோமானியர் காலம். நான் சொல்லும் ஊர் பாழாகி அப்போது ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. இரண்டையும் முடிச்சுப் போட்டு மேடையில் பேசுபவர்களை நம்பாதீர்கள்.)

வராதவர் பட்டியலுக்கு வருகிறேன். அதில் சில காரணங்கள் நம்மைச் சிரிக்க வைக்கும். மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்று ஆண்கள் வேலைக்கு வரவில்லை. ஏன் என்று அவர்கள் விளக்கவில்லை. தீட்டோ, வீட்டு வேலை தலையில் விழுந்ததோ. பஹெரிபெஜெத் என்பவர் அடிக்கடி வரவில்லை. காரணம், மருந்து தயாரித்தார். சக தொழிலாளிகளுக்கும் எழுத்தரின் மனைவிக்கும் மருந்து அரைத்த ஊர் வைத்தியர் அவர். ஆனால் திரும்பத் திரும்ப வரும் ஒரு காரணத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றது. 'எழுத்தருக்குக் கல் சுமந்தான்.' 'மேலாளோடு போனான்.' அரசாங்க ஆளைச் சொந்த வேலைக்கு அனுப்பிவிட்டு, அதை அரசாங்கப் பதிவேட்டிலேயே சிவப்பு மையில் ஏற்றுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். எங்கள் ஆலையிலும் மேலாளர் வீட்டுக் கிணற்றைத் தூர்வாரப் போனவர்கள் உண்டு. நாங்கள் அதை 'வெளிப்பணி' என்றுதான் எழுதினோம்.

அந்தத் தலைமுறையில் ஊரின் புகழ்பெற்ற எழுத்தர் கென்ஹிர்கோப்ஷெஃப். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருந்தவர். கையெழுத்து மகா மோசம். இன்றைய அறிஞர்கள் ஆயிரம் கையெழுத்துக்கு நடுவில் இவருடையதைப் பார்த்தவுடன் பெருமூச்சு விட்டு அடையாளம் கண்டுகொள்கிறார்கள். ஆனால் படிப்பாளி. சொந்தமாகப் பாப்பிரஸ் சுருள்கள் சேர்த்து வைத்திருந்தார். கனவுக்குப் பலன் சொல்லும் நூல் ஒன்று அவர் வீட்டிலிருந்து கைமாறி வந்து இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவருக்கு பிரஹோதெப் என்ற ஓவியர் எழுதிய கடிதச் சில்லு கிடைத்திருக்கிறது. சாரம் இதுதான்: என்னிடம் ஏன் இப்படி நடந்துகொள்கிறீர்? உமக்கு நான் கழுதையாகிவிட்டேன். வேலை இருந்தால், கூப்பிடு கழுதையை. தீனி இருந்தால், கூப்பிடு எருதை. பீர் இருக்கும்போது என்னைத் தேடுவதில்லை. வேலை இருக்கும்போது தேடுகிறீர்.

மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் ஒருவன் தன் மேலதிகாரிக்கு இப்படி எழுதி அனுப்ப முடிந்திருக்கிறது. எழுதத் தெரிந்ததால் முடிந்தது.

இந்த ஊரிலேயே வேறு உயரத்தில் வாழ்ந்தவர்களும் உண்டு. இவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால் காஹ் என்பவர் இங்கே பணிகளின் மேற்பார்வையாளராக இருந்தார். 1906இல் இத்தாலியர் எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி அவருடைய கல்லறையைக் கள்வர் கை படாமல் கண்டெடுத்தார். காஹ், அவர் மனைவி மெரித் இருவரின் பொருட்கள் ஐந்நூறுக்கு மேல் துரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டில், விரித்த படுக்கை, மெரித்தின் சவுரி முடி, அழகுப் பெட்டி, பகடைப் பலகை, மடக்கு அளவுகோல், அடுக்கி வைத்த ரொட்டிகள், காஹின் லினன் உள்ளாடைகள் கட்டுக்கட்டாக. மெரித் முதலில் இறந்துவிட்டாள். அவளுக்குப் பெட்டி தயாராக இல்லை. காஹ் தனக்கென்று செய்து வைத்திருந்த பெட்டியில் அவளைக் கிடத்தினார். அவளுக்கு அது பெரிது. இடைவெளியைத் துணி வைத்து அடைத்திருக்கிறார்கள். பெட்டியில் இன்றும் அவர் பெயர்தான் இருக்கிறது. அவ்வளவு பொருளிலும் இந்த ஒன்றுதான் எனக்குச் செல்வமாகத் தெரியவில்லை.

அரண்மனையைப் பற்றி எழுதப் போவதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நவ்நக்தேயைப் பற்றி எழுத வேண்டும். இளவயதில் அவளை மணந்தவர் நம் கையெழுத்துக்காரர் கென்ஹிர்கோப்ஷெஃப்தான். அவரைவிட அவள் மிக இளையவள். பிள்ளை இல்லை. அவர் இறந்த பின் காயெம்னுன் என்ற சாதாரணத் தொழிலாளியை மணந்து எட்டுப் பிள்ளைகளை வளர்த்தாள். ஒரு மகனுக்கு முதல் கணவரின் பெயரையே வைத்தாள். இரண்டாம் கணவர் அதற்கு என்ன சொன்னாரோ.

கி.மு. 1145 வாக்கில், ஐந்தாம் ராம்சேஸின் மூன்றாம் ஆண்டில், கிழவியாகிவிட்ட நவ்நக்தே ஊர் மன்றத்துக்கு வந்து பெரியவர்கள் முன்னிலையில் உயில் எழுதினாள். அந்தப் பாப்பிரஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் பேச்சு இப்படிப் போகிறது: நான் ஃபாரோவின் நாட்டில் சுதந்திரமான பெண். இந்த எட்டுப் பேரையும் வளர்த்தேன், அவரவர் தகுதிக்கு உரிய சீரெல்லாம் செய்து குடிவைத்தேன். இப்போது எனக்கு வயதாகிவிட்டது. அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை. என் கைமேல் கை வைத்துத் தாங்கியவனுக்கு என் சொத்தைக் கொடுப்பேன். கொடுக்காதவனுக்குக் கொடுக்க மாட்டேன்.

பிறகு பெயர் சொல்கிறாள். இன்னாருக்கு உண்டு, இன்னாருக்கு இல்லை. தன் பங்கிலிருந்துதான் விலக்குகிறாள். தகப்பன் பங்கு அவர்களுக்கும் உண்டு என்று சட்டம் தெரிந்தவளாகச் சேர்த்துச் சொல்கிறாள். முதல் கணவரின் பெயரைத் தாங்கிய மகனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வெண்கல வட்டில். மற்றவர்கள் அதில் பங்கு கேட்கக் கூடாது. ஓராண்டு கழித்துக் கணவனும் பிள்ளைகளும் மன்றத்துக்கு வந்து உயிலுக்குக் கட்டுப்படுவதாகச் சொன்னது அதே தாளில் இருக்கிறது. நடுவில் அந்த ஒற்றைத் தெருவில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பதைக் குடும்பம் உள்ள யாரும் ஊகிக்கலாம்.

அவள் உயிலின் சாட்சிப் பட்டியலில் எழுத்தர் அமென்னக்த் இருக்கிறார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்னொரு பெரிய நிகழ்வு நடந்தபோதும் ஊரின் எழுத்தர் அவர்தான். உலகில் எழுத்துச் சான்றோடு கிடைக்கும் முதல் வேலைநிறுத்தம் என்று சொல்லப்படுவது அது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டு, கி.மு. 1157 வாக்கு. தானியம் வரவில்லை. பதினெட்டு நாள் தாண்டிவிட்டது. வேலையை விட்டுவிட்டு ஐந்து காவல் சுவர்களைக் கடந்து மூன்றாம் துட்மோசேவின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதிகாரிகள் ஓடிவந்து ஏதேதோ சத்தியம் செய்து பார்த்தார்கள். அசையவில்லை. மறுநாள் இரண்டாம் ராம்சேஸின் கோயில் வாசல். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, ஃபாரோவுக்கு எழுதுங்கள், அமைச்சருக்கு எழுதுங்கள் என்று அவர்கள் சொன்னதைத் துரினில் உள்ள பாப்பிரஸ் பதிந்து வைத்திருக்கிறது. அவர்கள் உட்கார்ந்த இடத்தைக் கவனியுங்கள். அந்தக் கோயில்களுக்குப் பின்னால்தான் தானியக் களஞ்சியங்கள்.

பாக்கி வந்தது. அடுத்த மாதம் மறுபடியும் நின்றது. மறுபடியும் உட்கார்ந்தார்கள். அரசர் பட்டமேறிய முப்பதாம் ஆண்டு விழா வருகிறது. தெற்கேயுள்ள கோயில்களிலிருந்து தெய்வத் திருமேனிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறார் அமைச்சர் தோ. ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆள் மூலம் செய்தி அனுப்பினார். நான் வராததற்குக் காரணம், கொண்டுவர ஏதும் இல்லை என்பதல்ல; கொடுப்பதற்காக நியமிக்கப்பட்ட அமைச்சன் நான், பறிப்பதற்காக அல்ல; களஞ்சியத்திலேயே ஒன்றும் இல்லை என்றாலும் கிடைத்ததைத் தருகிறேன். கடைசியில் கொடுத்தது பாதிக் கூலித் தானியம். இந்தச் செய்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். வாக்கியத்துக்கு வாக்கியம் பழுதில்லாத அதிகார மொழி.

இந்தப் போராட்டத்தில் எனக்குப் பிடித்த ஆள் காவல் தலைவர் மெந்துமோசே. அவர் போராடியவர்களை அடிக்கவில்லை. வீட்டுக்குப் போங்கள், சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள், கதவைப் பூட்டுங்கள், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், நானே முன்னால் நடந்து பழைய அரசர் சேத்தியின் கோயிலில் உங்களை உட்கார வைக்கிறேன் என்று யோசனை சொன்னார். நல்ல மனிதர் என்று நான் பல நாள் கொண்டாடிக்கொண்டிருந்தேன். பிறகு மென்னாவின் சில்லைப் படித்தேன்.

மென்னா ஒரு தொழிலாளி. காவல் தலைவர் மெந்துமோசேக்கு ஒரு பானை நல்ல கொழுப்பைக் கடனாகக் கொடுத்தார். பார்லியாகத் தந்துவிடுகிறேன் என்றார் மெந்துமோசே. தரவில்லை. மென்னா மூன்று முறை மன்றத்தில் முறையிட்டார். அரசர் மாறி, நான்காம் ராம்சேஸின் மூன்றாம் ஆண்டும் வந்துவிட்டது. காவல் தலைவர் ஃபாரோவின் பெயரால் ஆணையிட்டார்: இத்தனாம் தேதிக்குள் தராவிட்டால் நூறு பிரம்படி வாங்கிக்கொள்கிறேன், இரட்டிப்பாகத் தருகிறேன். தந்தாரா என்று சில்லு சொல்லவில்லை. பெயரும் பதவியும் காலமும் பொருந்துகின்றன, ஒரே ஆள்தான். பதினேழு பதினெட்டு ஆண்டு இழுத்த பானைக் கடன். தொழிலாளிகளின் பக்கம் நின்றவர் அவர்களில் ஒருவனுக்குக் கடனைத் திருப்பிக் கொடுக்காதவர். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இப்போது அவரை நினைக்கிறேன்.

இங்கேதான் எனக்கு வேறொன்று உறைத்தது. மென்னா முறையிட்டார், பிரஹோதெப் கடிதம் எழுதினார், நவ்நக்தே உயில் சொன்னாள், அமென்னக்த் போராட்டத்தைக் குறித்து வைத்தார். நமக்குத் தெரிந்த எல்லாரும் எழுத்துக்குக் கை எட்டியவர்கள். எகிப்தின் சாதாரண மக்கள் என்று ஏழெட்டு ஆண்டுகளாக நான் பழகிய இவர்கள் சாதாரண மக்களே அல்ல. அரசாங்கச் சம்பளம், கைத்தொழில், ஊர் முழுக்க எழுத்து மணம். அக்கால எகிப்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரை அள்ளிக் கொட்டிய ஊர் இது. நிலத்தில் குனிந்தவர்கள்தான் நாடு. அவர்கள் ஒரு சில்லும் எழுதி எறியவில்லை.

அவர்களைப் பற்றி எழுதியதெல்லாம் எழுத்தர்கள். பிள்ளைகள் பார்த்தெழுதிப் பழகும் பாடம் ஒன்று இந்த ஊர்ச் சில்லுகளில் நிறையக் கிடைக்கிறது. ஒவ்வொரு தொழிலையும் கேலி செய்வது அது. சலவைக்காரன் முதலைக்குப் பக்கத்தில் துவைக்கிறான், குயவன் உயிரோடிருக்கும்போதே மண்ணுக்குள் கிடக்கிறான், நாவிதன் தெருத்தெருவாகத் தலை தேடி அலைகிறான். ஆகவே மகனே, எழுத்தனாகு. 'படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்' என்பதை நாமும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. மாடு மேய்ப்பவனை யாரும் கேட்டதில்லை.

எலும்புகள் கொஞ்சம் சொல்கின்றன. அரசர் அக்நாதன் கி.மு. 1350 வாக்கில் பாலைவன விளிம்பில் அவசர அவசரமாக எழுப்பிய தலைநகரம் அமர்னா. அதன் ஏழைகளின் இடுகாடுகளை இந்த நூற்றாண்டில்தான் தோண்டினார்கள். பெரும்பாலோரை நாணல் பாயில் சுருட்டிப் புதைத்திருக்கிறார்கள். வளர்ச்சி குன்றிய உடல்கள், சுமை தூக்கி நொறுங்கிய முதுகெலும்புகள். வடக்கு இடுகாட்டில் கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழு வயதிலிருந்து இருபத்தைந்துக்குள். அருகில் வைத்த பொருட்கள் ஏறக்குறைய இல்லை. பெயர் இல்லை. காஹின் கட்டுக்கட்டான உள்ளாடைகளை இந்தப் பாய்களோடு ஒரே நூற்றாண்டில் வைத்துப் பார்க்க எனக்குச் சில நாள் ஆயிற்று.

தெய்ர் எல்-மதீனாவுக்குள்ளும் எழுதாதவர்கள் இருந்தார்கள். மாவரைக்க அரசாங்கம் அனுப்பிய அடிமைப் பெண்கள் வந்தார்கள். இன்ன வீட்டுக்கு மாதத்தில் இத்தனை நாள் என்று அவர்களின் நாட்களைப் பங்கு பிரித்தார்கள். தன் பங்கு நாட்களை இன்னொரு வீட்டுக்கு விற்றவர்களும் உண்டு. சலவைக்காரர்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் சிலர் சட்டையைச் சட்டையாகவும் இடுப்புத் துணியை இடுப்புத் துணியாகவும் படம் வரைந்து, எண்ணிக்கைக்குப் புள்ளி வைத்துக் கணக்குக் கொடுத்தார்கள். தொழிலாளிகளில் எழுதத் தெரியாதவர்களுக்கு ஆளுக்கு ஒரு குறி இருந்தது. எங்கள் ஆலையில் கைநாட்டு.

பிறகு தண்ணீர்க்காரர்கள். ஊரில் தண்ணீர் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அடிவாரத்துப் பாசன நிலங்களிலிருந்து ஒவ்வொரு நாளும் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். விறகும் அப்படித்தான் வந்தது. பதிவேடுகளில் இவர்களுக்கு 'வெளி ஆட்கள்' என்று பெயர். சுவருக்கு வெளியே நிற்பவர்கள். இவர்களில் பலரிடம் சொந்தக் கழுதை கிடையாது. யாரிடம் வாடகைக்கு எடுத்தார்கள் தெரியுமா? ஊருக்குள் இருந்த தொழிலாளிகளிடம். தண்ணீர் குடிப்பவன் கழுதையைக் கொடுக்கிறான், தண்ணீர் கொண்டுவருபவன் அவனுக்கே வாடகை கட்டுகிறான்.

இந்த வாடகைச் சில்லுகள் நிறைய இருக்கின்றன. இந்தத் தேதியில் கழுதை கொடுத்தது. இந்தத் தேதியில் திரும்ப வந்தது. வாடகை இவ்வளவு, பாக்கி இவ்வளவு. கழுதை அவன் கையில் இருக்கும்போது செத்துவிட்டால் யார் பொறுப்பு என்று வழக்கு. இன்ன நாளுக்குள் கட்டாவிட்டால் அடி வாங்கிக்கொள்கிறேன், இரட்டிப்பாகத் தருகிறேன் என்று தண்ணீர்க்காரனின் ஆணை. காவல் தலைவர் மெந்துமோசே சொன்ன அதே ஆணை, ஆனால் தண்ணீர்க்காரன் பதினெட்டு ஆண்டு இழுத்திருக்க முடியாது.

வேலைநிறுத்தம் செய்து கோயில் வாசலில் உட்கார்ந்த வீடுகளில் கழுதை வைத்திருந்த வீடுகளும் உண்டு. தானியம் நின்ற அந்த வாரங்களில் மலையடிவாரத்திலிருந்து தண்ணீர் வந்ததா, வாடகை வசூலானதா என்று சில்லுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் உள்ள வாடகைச் சீட்டுகளின் மொழிபெயர்ப்புகளில், சொந்தக்காரன் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயரும் இருக்கும். தண்ணீர்க்காரனுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்.